நிகழ்நிலைக் காப்பும் பேச்சுரிமையும்

எம்மூராகிய உரும்பிராயின் செம்மண் தோட்டங்களிலே நீரிறைப்போர் வாய்க்காலுக்கு வரம்பு கட்டுவர். வரம்பின்றேல் நீர் வீணாகும். வரம்பே வாய்க்காலை மறித்துவிடின் பயிர் வாடும். பேச்சுரிமைக்குச் சட்டம் இடும் வரம்பும் இத்தகையதே.

இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகின்றது. 15 ஆம் உறுப்புரையோ தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இன மத நல்லிணக்கம் முதலியன கருதிச் சட்டத்தால் அதற்கு எல்லை வகுக்க இடமளிக்கின்றது. அவ்வெல்லை எங்கே நிற்றல் வேண்டும் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் மூண்டபோது, பகைமொழி பரவாதிருத்தற்கென அரசாங்கம் முகநூல் முதலிய சமூக ஊடகங்களை முடக்கிற்று. 2022 ஏப்பிரல் 3 இல், பொருளாதார நெருக்கடியால் நொந்த மக்கள் கிளர்ந்தெழுந்தபோதும் அவை முடக்கப்பட்டன. முன்னையது கொலைவெறியைத் தடுக்க இட்ட பூட்டு. பின்னையது குறைகூறுவோர் வாய்க்கு இட்ட பூட்டு. இரண்டிற்கும் திறவுகோல் ஒருவர் கையிலேயே இருந்தது.

இதன்பின் வந்தது 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். சட்டமூலத்தின் பல பிரிவுகள் திருத்தப்பட்டாலன்றி, மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டுமென 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ந்தது. சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமையையும் ஆள்மாறாட்ட மோசடியையும் தண்டிக்க இச்சட்டம் முற்பட்டமை நன்றே. நல்லெண்ணத்துடன் கூறிய கருத்து பொய்க்கூற்று ஆகாதெனவும் அது வகுத்தது. ஆயின், பொய் எதுவென முதற்கண் ஆராயும் பொறுப்பை நீதிமன்றத்திடமன்றி, சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடமே ஒப்படைத்தது. நியமனத்திற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டுமெனினும், எமது ஐயம் தீர்ந்தபாடில்லை.

அயல்நாடாகிய இந்தியாவில், தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை 2015 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென நீக்கிற்று. கருத்தாடலும் பரிந்துரைத்தலும் வேறு, குற்றத்திற்குத் தூண்டுதல் வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். இவ்வேறுபாட்டை எம் மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பணிமனையும் எரியக் கண்டவர் நாம். சொல் அழிவதன் துயரை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வதந்தியால் உயிர் போதலையும் அறிவோம். ஆகவே வரம்பு வேண்டாமென்று நாம் கூறோம்; அதனைக் கட்டுபவன் தனக்கெதிரான சொல்லை மறிக்க இயலாதவாறு அது அமைதல் வேண்டும் என்கின்றோம்.