காற்றாலை வாங்கிய ஊராட்சியும் நம்ம தெருக் கணக்கும்



கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி உள்ளது. 2006-இல் அது வங்கிக் கடனும் வாங்கி, ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

ஆனால் ஆடியில் வீசுற காற்று தையில் வீசாது. தெருவிளக்கோ தினமும் எரியணும். அதனால் வருஷக் கணக்கு மட்டும் போதாது, மணிக்கணக்கும் போடணும். பொறியாளர்கள் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதற்குப் பெயர் சிமுலேஷன். நாம் நோட்டிலேயே போடலாம்.

நம்ம மூக்கண்டப்பள்ளியில் 10 லைன் வீடுகளுக்குச் சோலார் வைத்ததாக நினைத்துக்கொள்வோம்.

மதியம் 12 முதல் 1 வரை: சோலார் 8 யூனிட், தேவை 3. மிச்சம் 5 வெளியே போகும்.
இரவு 7 முதல் 8 வரை: சோலார் 0, தேவை 8. எட்டும் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வரணும்.

ஆக, சோலார் வைத்தும் இரவில் டிரான்ஸ்பார்மரின் சுமை குறையவில்லை! நாம் படிக்கிற நேரத்தில்தான் லைட் மங்கும்.

அந்த 8-இல் தண்ணீர் மோட்டாருக்கு 3 யூனிட் என்றால், மோட்டாரை மதியம் போட்டுப் பார்ப்போம். மதியம் மிச்சம் 2 ஆகும். இரவுக்கு 5 போதும். பைசா செலவில்லாமல் பேப்பரிலேயே வழி தெரிந்துவிட்டது!

எல்லாரும் வீட்டு மீட்டரை மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்து எழுதி வாருங்கள். நம்ம தெருவின் நிஜக் கணக்கைப் போடுவோம்.


– 9-ஆம் வகுப்பு மாணவி