ஓட்டு வீட்டுக்குக் கூரை வாய்க்கால்

மழைக்காலத்தில் நமது ஓட்டு வீடுகளின் சுவரை அடியிலிருந்து கெடுப்பது வானத்திலிருந்து நேராக விழும் மழையன்று. இறவாணத்திலிருந்து ஒரே கோட்டில் விழுந்துகொண்டிருக்கும் தண்ணீரே ஆகும். எட்டடி, ஒன்பதடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் விழும் நீர் மண்ணைப் பறிக்கிறது. சேறு தெறித்துச் சுவரின் அடிப்பாகம் ஓரடி உயரத்துக்கு நனைகிறது. மண் சுவராயின் அந்த ஈரம் ஊறி, பூச்சு கழன்று, நாளடைவில் அடி குறுகிச் சுவர் சாய்கிறது. செங்கல் சுவராயின் உப்புப் பொரிந்து உதிர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் இடிந்து விழுந்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வரும் மனுக்களில் பல, இறவாணத்துப் பள்ளத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியவை.

இறவாணத்தின் கீழ் தகரத்தாலோ பி.வி.சி. குழாயைப் பிளந்தோ ஒரு வாய்க்கால் அமைத்து, நீரை ஒரு மூலைக்குக் கொண்டுசென்று, குழாய் வழியாக இறக்கிவிட்டால் இந்தக் கேடு நின்றுவிடும். நீரும் நமக்குக் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றங்களில் நான்கு பக்கத்துக் கூரை நீரையும் இவ்வாறு திரட்டி அண்டாக்களில் பிடித்து வைத்துப் புழங்கியது பலரும் அறிந்ததே. பனை மரத்தைப் பிளந்து குடைந்தும், மூங்கிலைப் பிளந்து கணுக்களை நீக்கியும் இதே வேலையைச் செய்தவர்கள் நம் முன்னோர்கள். ஆகவே இது புதுமையன்று. பொருள்தான் மாறியிருக்கிறது.

முதலில் நீரின் அளவைக் கணக்கிடவேண்டும். கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். கூரையின் சரிவை அளக்கவேண்டியதில்லை. இறவாணங்களுக்கு இடைப்பட்ட தரைப் பரப்பை அளந்தாலே போதும். நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 48 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அக்கூரைமீது 43,200 லிட்டர் விழுகிறது. ஓடு உறிஞ்சுவதும் தெறித்து வீணாவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வருவதாக வைத்துக்கொண்டால் சுமார் 34,500 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் அளந்தால் 2,300 குடம். நமது மாநிலத்தின் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது என்பதால், இந்த நீர் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வருவதன்று, மொத்தமாக வருவது. வாய்க்காலின் அளவை நிர்ணயிக்கும்போது இதை நினைவில் கொள்ளவேண்டும்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஒரு பெருமழை கால் மணி நேரம் அடிப்பதாகக் கொள்வோம். கூரையின் ஒரு பக்கச் சரிவுக்கு உரிய 24 சதுர மீட்டரிலிருந்து நிமிஷத்துக்கு 40 லிட்டர் நீர் வரும். ஏறக்குறைய மூன்று குடம். சரியான வாட்டத்துடன் அமைந்தால் நான்கு அங்குல அகலமுள்ள வாய்க்காலே இந்த நீரைக் கடத்திவிடும். ஆனால் கடத்துவது வேறு, பிடிப்பது வேறு. காற்றோடு பெய்யும் மழையில் ஓட்டின் நுனியிலிருந்து நீர் முன்னே பாய்ந்து விழும். நாட்டு ஓடாயின் நுனிகள் ஒரே வரிசையில் நில்லாமல் முன்னும் பின்னுமாக இருக்கும். வேப்பிலையும் புளியஞ்சருகும் வந்து அடையும். இக்காரணங்களால் சீமை ஓட்டுக்கு ஐந்து அங்குலமும், நாட்டு ஓட்டுக்கு ஆறு அங்குலமும் குறைந்த அகலமாகக் கொள்வது நலம். இறக்கும் குழாயிலும் சிக்கனம் பார்க்கலாகாது. 20 சதுர மீட்டர் வரையுள்ள சரிவுக்கு மூன்று அங்குலக் குழாய் போதும். நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு நான்கு அங்குலக் குழாயே தகும்.

எந்தப் பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஊரைக் கேட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். நாகமுலாம் பூசிய தகரம் உறுதியானது. எந்த அளவுக்கும் மடித்துக்கொள்ளலாம். குரங்கு ஏறி ஓடினாலும் எளிதில் உடையாது. (குரங்குத் தொல்லை உள்ள ஊரார் இதை விளையாட்டாக எண்ணமாட்டார்கள்.) ஆனால் நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று தகரத்தை அரித்துவிடும். அங்கே பி.வி.சி.யே ஏற்றது. ஆறு அங்குலக் குழாய் ஒன்றை நெடுக்காக அறுத்தால் இரண்டு வாய்க்கால் கிடைக்கும்; செலவும் குறைவு. இதன் குறை வெயில். ஆண்டுக்கணக்கில் காய்ந்தால் நொறுங்கும் தன்மை அடைகிறது. நண்பகலுக்கும் பின்னிரவுக்கும் இடையே நீண்டு சுருங்குகிறது. மூன்று மீட்டர்த் துண்டு 30 டிகிரி வெப்ப மாறுதலில் ஆறு மில்லிமீட்டர் வரை நீளும். ஆகவே துண்டுகளை இறுக ஒட்டிவிடாமல், ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகரும்படி விடவேண்டும். தகரத்தில் இணைப்புக்கு ஈயப்பற்று வைப்பது வழக்கம். அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுப்பதாயின் ஈயம் கூடாது. அது நஞ்சு, குழந்தைகளுக்கு மிகவும் கேடானது. தரையாணி அடித்து, குடிநீருக்கு உகந்த பசை பூசிக்கொள்ளவேண்டும்.

இனி, பொருத்தும் முறை. பணம் செலவழித்தும் பயனற்றுப் போகும் வேலைகளெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே கூறுகிறேன்.

நமது கிராம வீடுகளில் கைமரங்களின் நுனிகள் சமமாக இருப்பதில்லை. மூங்கிலாயின் சொல்லவே வேண்டாம். கொக்கிகளை நேரே அவற்றில் அடித்தால் வாய்க்கால் பாம்புபோல் வளையும். முதலில் கைமர நுனிகளை ஒரே நூலில் அறுத்துவிட்டு, அவற்றின் முகத்தில் நெடுக ஒரு பனஞ்சட்டமோ பலகையோ வைத்துத் திருகாணியால் இறுக்கவேண்டும். உளுத்த கைமரம் இருந்தால் அதை மாற்றிய பிறகே மற்ற வேலை. நீர் நிறைந்த வாய்க்காலின் எடை கொஞ்சமன்று.

அடுத்தது வாட்டம். மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை போதுமானது. அதிக வாட்டம் கொடுத்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். எட்டு மீட்டர் நீளத்தில் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்கினால், கடைசியில் ஓட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையே பதினாறு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்து, காற்றடிக்கும்போது நீர் வாய்க்காலுக்குள் விழாமல் சுவரில் அடிக்கும். நமது வீட்டுக்கு மொத்தம் நான்கு சென்டிமீட்டர் இறக்கம் சரியான அளவு. வீடு இன்னும் நீளமாயின் நடுவை மேடாக வைத்து இருபுறமும் இறக்கி, இரண்டு குழாய் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணளவில் வாட்டம் பார்ப்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய வீடுகளில் கூரையே ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதை மட்டம் என்று நம்பினால் வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடும். ஒரு பள்ளிக் கட்டடத்தில் குழாய் வடகோடியிலும், தேங்கிய நீர் தென்கோடியிலுமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். கொத்தனார்கள் கையாளும் நீர்மட்டக் குழாயால் இரு கோடிகளிலும் மட்டம் குறித்து, பள்ளப்பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் கீழே குறித்து, முதல் கொக்கியையும் கடைசிக் கொக்கியையும் முதலில் அடிக்கவேண்டும். அவற்றிடையே நூலை இழுத்துக் கட்டி, இரண்டடிக்கு ஒன்றாக மற்றக் கொக்கிகளை அந்நூலைத் தொடும்படி பொருத்தவேண்டும். கொக்கிகளின் இடைவெளி மிகுந்தால் நடுவில் தொய்வு விழுந்து நீர் தேங்கும். தேங்கிய நீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. வீட்டுக் கூரைமேல் இருப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓட்டின் நுனி வாய்க்காலின் அகலத்தில் உட்புறத்து மூன்றில் ஒரு பங்குவரை நீண்டிருக்கவேண்டும். ஆறு அங்குல வாய்க்காலில் இரண்டு அங்குலம். வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சிறிது தாழ்ந்திருக்கட்டும். அப்போது எதிர்பாராத பெருமழையில் வாய்க்கால் நிரம்பினாலும் நீர் முற்றத்துப் பக்கம் வழியுமேயன்றிச் சுவர்ப் பக்கம் வராது. துண்டுகளை இணைக்கும்போது மேட்டுப்பக்கத்துத் துண்டு பள்ளப்பக்கத்துத் துண்டின் உள்ளே நான்கு அங்குலம் படியவேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு இணைப்பும் ஒழுகும்.

இறக்கிய நீரைச் சுவரடியிலேயே விடுவதாயின் இத்தனை பாடும் வீண். தொட்டிக்கோ, கிணற்றருகே வடிகட்டும் குழிக்கோ, குறைந்தபட்சம் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளியோ விடவேண்டும். தொட்டியில் சேர்ப்பவர்கள் முதல் மழையை ஒதுக்கவேண்டும். கோடைமுழுதும் ஓட்டில் படிந்த புழுதியும் பறவை எச்சமும் அதில்தான் வருகின்றன. ஒரு சரிவின் முதல் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது நமது கணக்கில் 24 லிட்டர். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் கொள்ளுமாதலால், அடைப்பு மூடியிட்ட மூன்று மீட்டர்க் குழாயைக் கிளையாக இறக்கிவிட்டால் அழுக்கு நீர் அதில் நிறைந்து, பின்வரும் நீர் தொட்டிக்குத் திரும்பும். மழை விட்டதும் மூடியைத் திறந்து விடவேண்டும். தொட்டியின் வாயில் கொசு புகாத வலை கட்டவேண்டும். இவ்வாறு சேர்த்த நீரையும் காய்ச்சியே குடிக்கவேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள சந்தில் இறவாணத் தண்ணீர் விழுவதைப் பற்றிய சச்சரவு இல்லாத ஊர் அரிது. அடுத்தவர் நிலத்தில் தமது இறவாண நீரை விழவிடும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம் என்பதை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இறவாணத்தை நீட்டி அந்தச் சுமையை அதிகமாக்க இடந்தரவில்லை. நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட இருபதடி வாய்க்கால் மலிவு என்று இரு தரப்பாருக்கும் எடுத்துச் சொல்லலாம். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் நமது மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றில் அப்போது வைத்த குழாய்கள் இன்று எந்த நிலையில் உள்ளன என்று உறுப்பினர்கள் நேரில் சென்று பார்ப்பது நலம்.

கீற்றுக் கூரைக்கு வாய்க்கால் பயன்படாது; விளிம்பு நிலைத்து நிற்காது, நீரும் பழுப்பாக வரும். அங்கே சுவரைச் சுற்றிக் கல் பதித்து வெளிப்புறம் வாட்டமிடுவதே வழி. கல்நார் தகட்டுக் கூரையில் வாய்க்கால் பொருத்தலாம். ஆனால் தகட்டை அறுப்பதும் துளைப்பதும் கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது. மாடிக் கட்டடத்தில் தூம்பு வாயிலேயே குழாயைச் சேர்த்துவிடலாம்.

வேலை முடிந்ததும், கூலியைக் கணக்குத் தீர்ப்பதற்கு முன், ஏணியில் ஏறி மேட்டுக்கோடியில் ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது முழுவதும் குழாய் வழியே இறங்கிவிடவேண்டும். எங்கேனும் விரல் நனையும் அளவு நின்றால் அந்த இடத்துக் கொக்கியைத் தூக்கி அடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு முறையும், மழை நடுவே கார்த்திகையில் ஒரு முறையும் சருகை வாரவேண்டும். வேப்பமரம் கூரைமேல் கவிந்திருந்தால் மாதம் ஒரு முறை.