நாயோடு ஐரோப்பா போகலாமா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து கேமரன் மலையில் குடியிருக்கிறோம். வேலை நிமித்தம் அடிக்கடி ஜெர்மனி, பிரான்ஸ் போய்வருகிறேன். எங்கள் நாயையும் கூட்டிப்போக ஆசை. சரிவருமா?
– வாசகி, தானா ராத்தா

பதில்: ஓரிரு வருஷம் அங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். இரண்டு வார வேலைக்கென்றால் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் மைக்ரோசிப், அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. முதல் ஊசி போட்டு 21 நாள் கழிய வேண்டும். அரசு கால்நடை அதிகாரியின் சான்றிதழ், போய் இறங்குவதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். திரும்பி வர மலேசியாவின் இறக்குமதி அனுமதி தனி. மலையிலிருந்து இறங்கும் தாப்பா சாலையின் வளைவுகளிலேயே பல நாய்கள் வாந்தி எடுத்துவிடும். அதற்கு மேல் சரக்கு அறையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலான பறப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தப் பாடு எதற்கு?

நாய் வளர்த்துப் பழகிய தோட்டத்துக் குடும்பம் ஒன்றிடம் கூலி பேசி ஒப்படையுங்கள். தேயிலை நிரைகளுக்குள் ஓடிவந்தால் விரலிடுக்கில் அட்டை கடித்திருக்கும், காதுமடலுக்குள் உண்ணி ஒட்டியிருக்கும். தினமும் மாலையில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடித்த பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது. உள்ளூர் மன்றத்து லைசென்ஸ் வில்லை கழுத்தில் இருக்கட்டும்.

கால்நடை மருத்துவரின் எண்ணையும் அவசரச் செலவுக்குப் பணத்தையும் கொடுத்துவிட்டு, நிம்மதியாக விமானம் ஏறுங்கள்.