பவர் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது எப்படி?



கோணேஸ்வரம் தரிசனத்துக்குப் போன பஸ்ஸில் நடந்த விஷயத்தை வைத்தே இந்த முறை பாடம். லயத்துப் பிள்ளைகள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாங்கிய 12 வோல்ட் அம்ப்ளிபயர் செட் அது. பஸ் பேட்டரியோ 24 வோல்ட். அதை 12 ஆகக் குறைக்க நம்ம பையன் ஒருத்தன் ஒரு பெட்டி செய்திருந்தான். உள்ளே 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர், பேட்டரிப் பக்கம் 5 ஆம்பியர் பியூஸ். கந்தளாய் தாண்டும்வரை பாட்டு நன்றாகத்தான் கேட்டது. பிறகு சீட் இரும்பின் கீழே வயர் நசுங்கி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டது. பாட்டு நின்றது, பியூஸும் போனது.

வயரைப் பிரித்து டேப் சுற்றினோம், டிரைவர் தம்பி வேறு பியூஸ் கொடுத்தார். போட்டதும் அம்ப்ளிபயரிலிருந்து புகை! பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் படகுகளுக்கு ரேடியோ, பேட்டரி வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் போனோம். பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்ததுமே, "ஐயா, பியூஸ் காப்பாற்றவில்லை. டிரான்சிஸ்டர் செத்துத்தான் பியூஸைக் காப்பாத்த பார்த்திருக்கு" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதை நாங்கள் விளங்கிக்கொண்டபடி சொல்கிறோம். டிரான்சிஸ்டரைப் பெரிய தண்ணீர்க் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் கைதான் பேஸ். பேஸில் ஓடும் சின்னக் கரண்ட், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்டை விடுகிறது. வயர் ஒட்டிக்கொண்டால் வெளியே தடையே இல்லை; 24 வோல்ட் முழுவதும் டிரான்சிஸ்டர் மேலேயே விழும். 2என்3055 தாங்கும் கரண்ட் 15 ஆம்பியர் என்று புத்தகத்தில் இருக்கும். அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கரண்டையும் வோல்ட்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு: 15 தர 24, 360 வாட். அது தாங்குவதோ 115 வாட், அதுவும் அதன் உடல் 25 பாகை குளிர்ச்சியில் இருந்தால்தான். உள்ளே இருக்கும் சிலிக்கன் சில் சில மில்லிமீட்டர்தான். பியூஸ் கம்பி சூடாகி உருகுவதற்குள் அது கருகிவிடும்.

பழைய வால்வு ரேடியோ இப்படியில்லை. பாரம் கூடினால் வால்வின் தகடு சிவந்து காட்டும், ஓடிப்போய் அணைக்க நேரம் இருக்கும். டிரான்சிஸ்டர் அப்படிச் சொல்லிக்கொண்டு சாவதில்லை.

இன்னொன்று, இதுதான் எங்களுக்குப் பணத்தைத் தின்றது. பவர் டிரான்சிஸ்டர் செத்தால் பெரும்பாலும் உள்ளே ஒட்டிப்போய்த்தான் சாகும். குழாய் திறந்தபடியே உடைந்த மாதிரி. அதனால் புதுப் பியூஸ் போட்டதும் 24 வோல்ட்டும் குறையாமல் 12 வோல்ட் செட்டுக்குள் போய்விட்டது. பியூஸ் போனால் செட்டைக் கழற்றிவிட்டுப் புதுப் பியூஸ் போட்டு, செட்டை மறுபடி இணைப்பதற்கு முன் பெட்டியின் வெளிப்பக்க வோல்ட்டை மீட்டரால் அளக்க வேண்டும். அன்று அளந்திருந்தால் செட் பிழைத்திருக்கும்.

இனி காவல். எமிட்டருக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. பக்கத்தில் பி.டி.139 என்ற சின்ன டிரான்சிஸ்டர். அதன் பேஸ் பெரியதின் எமிட்டரில், அதன் எமிட்டர் வெளிப்பக்கத்தில், அதன் கலெக்டர் பெரியதின் பேஸில். சின்னதின் பேஸில் சுமார் 0.6 வோல்ட் வந்தால்தான் அது விழிக்கும். 0.6 ஐ 0.22 ஆல் வகுத்தால் 2.7 ஆம்பியர். அதுவரை சின்னவன் தூங்குவான். அதைத் தாண்டப் பார்த்தால் விழித்து, பெரியதின் பேஸுக்குப் போகும் கரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். குழாயைத் திறக்கும் கை பின்னுக்குப் போகும். பியூஸை விட இது எத்தனையோ மடங்கு வேகம்.

ஆனால் இதோடு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. வயர் ஒட்டியபடியே கிடந்தால் 24 தர 2.7, சுமார் 65 வாட் சூடு நிற்காமல் வரும். 5 ஆம்பியர் பியூஸ் 2.7 க்கு உருகவே உருகாது. ஆகவே பெரிய அலுமினியத் தகட்டில், நடுவில் மைக்கா தாளும் சூட்டுப் பசையும் வைத்து இறுக்க வேண்டும். 2என்3055 இன் உடலே கலெக்டர் என்பதால் மைக்கா இல்லாவிட்டால் தகடு பஸ் இரும்பில் பட்டு வேறு ஷார்ட் ஆகும். பாட்டு நின்றால் முதலில் ஸ்விட்ச்சை அணையுங்கள், பிறகு வயரைத் தேடுங்கள்.

வேலை முடிந்து சோதிக்கும்போது பாஸ் பேட்டரி வயரில் தொடராக 24 வோல்ட் லாரி பல்ப் ஒன்றைப் போட்டார். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், சாமான் எதுவும் சாகாது. இரண்டு ரூபாய் புத்தி என்று சொல்லலாம், நாங்கள் அதைத் தோட்டத்தில் எல்லா ரிப்பேருக்கும் பழக்கிவிட்டோம்.

பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், தடித்த கம்பி சுற்றும் பழக்கம் நம்ம லயங்களில் இன்னும் இருக்கிறது. பஸ்ஸிலும் ஒருவர் அதைத்தான் சொன்னார். அன்று சுற்றியிருந்தால் அம்ப்ளிபயரோடு நிற்காமல் சீட்டுக்கடியில் வயரே பற்றியிருக்கும். மேலே நாற்பது பேர் இருந்தோம்.

அம்ப்ளிபயர் திருத்த மறுபடியும் காசு சேர்த்தோம். புதுப் பெட்டியை அதே பையனே செய்தான். வயரை இரண்டு தரம் வேண்டுமென்றே ஒட்டிக் காட்டினான்: பாட்டு நின்றது, பிரித்ததும் மறுபடி பாடியது. காவல் சுற்றை வரைந்து தரும்படி கேட்பவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நலன்புரி அறையில் அவனே சொல்லிக்கொடுக்கிறான்.