குளிர்ந்த மண்ணில் பசிக்கும் இலைகள்

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களில் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். அப்போதுதான் பனிக்காலம் முடிந்திருக்கும். பயிர் முளைத்தபின் குளிர் திரும்பி வந்து, மண்ணின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிட்டால், சில இரகங்களின் இளம் பயிர்களில் இலைகள் ஊதா நிறமாகின்றன. இது மணிச்சத்துக் குறைவின் அடையாளம். ஆனால் மண்ணைச் சோதித்தால் மணிச்சத்து போதுமான அளவு இருக்கும்! பானை நிறையச் சோறு இருந்தும் பசியா?

காரணம் வேரில் இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. பார்த்திருப்பீர்கள். வேர்ச் செல்களின் சவ்விலும் இவ்வாறே இருவகைக் கொழுப்புகள் உண்டு. குளிரில் எளிதில் இறுகும் வகை மிகுந்திருந்தால் சவ்வு விறைத்துப்போகும். உப்புக்களை உள்ளே இழுக்கும் புரதங்கள் அதில்தான் பதிந்திருக்கின்றன. அவற்றின் வேலை தடைப்படும். அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றல் வேரின் சுவாசத்திலிருந்து வருகிறது. குளிரில் சுவாசமும் மந்தம். போதாதென்று, 5 டிகிரியில் நீரின் பாகுநிலை 30 டிகிரியில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு.

மணிச்சத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மண்ணில் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. வேர்தான் அதைத் தேடி வளரவேண்டும். குளிர்ந்த வேரோ வளர்வதில்லை. வெயிலில் நிற்கும் இலை சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டேயிருக்கும்; வளர்ச்சி குன்றியதால் அது செலவாகாமல் தேங்கும். அதிலிருந்து அந்தோசயனின் என்னும் ஊதா நிறமி உண்டாகிறது. முதிர்ந்த இலைகளே முதலில் நிறம் மாறும். தம்மிடமுள்ள மணிச்சத்தை அவை குருத்துக்குக் கொடுத்துவிடுகின்றன.

அவசரப்பட்டு உரம் வாங்கிக் கொட்டினால் பணம்தான் வீண். மண் சூடேறியதும் புதிய இலைகள் பச்சையாகவே வரும். ஆயினும் குளிர்ப் பகுதி உழவர்கள் விதைக்கும்போதே, விதைக்கு 5 செ.மீ. பக்கத்தில், 5 செ.மீ. ஆழத்தில் சிறிது உரம் இடுவதுண்டு. குட்டை வேருக்கும் எட்டுமல்லவா?

குளிர் வேரை முடக்குவதை நீங்களே பார்க்கலாம். ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் செய்த சோதனை இது. தொட்டியிலுள்ள பூசணிச் செடிக்கு நன்றாக நீர் ஊற்றுங்கள். தொட்டியைச் சுற்றிலும் பனிக்கட்டியை அடுக்கி, இலைகளை மட்டும் வெயிலில் விடுங்கள். ஈர மண்ணிலேயே இலைகள் துவளும். முட்டைக்கோஸ் செடியை வைத்தால் அவ்வாறு துவளாது. அதன் சவ்வுகளில் எந்த வகைக் கொழுப்பு மிகுதி என்று நினைக்கிறீர்கள்?