ஆண் குதிரைகளின் மறைவுறுப்புத் தூய்மை

உத்தரப் பிரதேசத்துச் செங்கற் சூளைகளில் பச்சைக்கல் வண்டி இழுக்கும் குதிரை நொண்டினால், உடையவர் அன்றே குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். சேணம் உராய்ந்து முதுகில் புண் கண்டால் பழந்துணியை மடித்து அடியில் வைக்கிறார். அதே குதிரையின் குறியுறைக்குள் அழுக்கு இறுகிக் கிடப்பதை மட்டும் அவர் காண்பதில்லை. உறுப்பு மறைவானது, அதைப் பற்றிப் பேசவும் கூச்சம் தடையாகிறது. சூளையில் கூலி, கொண்டு சேர்த்த கற்களின் எண்ணிக்கைக்கே கிடைக்கிறது. குதிரை நிற்கும் நாள் கூலியற்ற நாள்.

2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் தொகை 2019-இல் 3.4 லட்சமாகக் குறைந்தது. கணக்கெடுப்பு தலைகளை எண்ணுகிறது. நோயினால் இழந்த வேலை நாட்களை எண்ணுவதில்லை. எஞ்சியுள்ளவற்றை நம்பி வாழ்பவர்களுக்கோ அந்த இரண்டாவது கணக்கே முக்கியமானது.

குறியுறையின் உட்தோலில் எண்ணெய்ப் பசை சுரக்கிறது. அது உதிர்ந்த தோற்செதில்களோடும் தூசியோடும் கலந்து கருத்த மெழுகு போல் படிகிறது. ஓரளவு படிவது இயற்கையே. அது தோலுக்குக் காப்பும் ஆகும். காயடித்த குதிரைகள் சில, சிறுநீர் கழிக்கும்போது குறியை முழுமையாக வெளியே நீட்டுவதில்லை. ஆதலால் அவற்றில் அழுக்கு மிகுதியாகச் சேர்கிறது. குறியின் நுனியில், சிறுநீர்த் துவாரத்தை ஒட்டிய சிறு பள்ளத்தில் இம்மெழுகு இறுகி அவரைக்கொட்டை போன்ற கட்டியாகிவிடுவதுண்டு. அது துவாரத்தை அழுத்தும்போது சிறுநீர் சிதறி விழும். குதிரை முக்கி வருந்தும்.

இதைக் கேட்டவுடன் வாரந்தோறும் சோப்பிட்டுக் கழுவத் தொடங்குவது அடுத்த தவறு. உண்மையில் இதுவே பெருந்தீங்கு. சோப்பும் கிருமிநாசினியும் அவ்விடத்தில் வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களை அழித்துவிட, சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்றவை அங்கே இடம் பிடிக்கலாம். பொலிகுதிரையானால் அவை இணைசேரும்போது பெட்டைக்குப் பரவிக் கருப்பையைக் கெடுக்கும். 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தொற்றுக் கருப்பையழற்சி நோயின் கிருமி, பொலிகுதிரையின் இம்மெழுகழுக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கக் கூடியது. ஆகவே இனப்பெருக்கத்திற்குரிய குதிரையைப் பார்வையால் மட்டும் நலமென்று முடிவு செய்வதற்கில்லை; ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும்.

அடிக்கடி பார்த்தல், அரிதாகக் கழுவுதல் என்பதே முறை. பெரும்பாலான குதிரைகளுக்கு ஆண்டிற்கு ஓரிரு முறை போதும். வெதுவெதுப்பான தூய நீரும் மென்மையான பஞ்சும் கையுறையுமே தேவை. காய்ந்து ஒட்டிய அழுக்கை முதல் நாளே வாசலின் தடவி ஊறவைக்கலாம். உதைக்கு எட்டாதபடி தோளை அடுத்து நின்று, ஒரு கையை விலாவில் வைத்தபடியே செய்ய வேண்டும். நுனிப் பள்ளத்துக் கட்டியை விரலால் மெல்ல நெகிழ்த்தி எடுக்க வேண்டும். கூரிய பொருள் எதுவும் ஆகாது. முரண்டு பிடிக்கும் குதிரைக்கு உடையவரே மயக்க மருந்து கொடுக்கலாகாது. அசிப்புரோமசின் போன்ற மருந்துகளால் சில வேளைகளில் குறி செயலிழந்து உள்ளே திரும்பாமற் போய்விடும். அம்முடிவைக் கால்நடை மருத்துவரிடமே விடுதல் நன்று.

கழுவும் நேரம் காணும் நேரமுமாகும். வீக்கம், சீழ், இரத்தம், பூக்கோசு போன்ற தசை வளர்ச்சி, ஈ மொய்க்கும் ஆறாப் புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவரை நாட வேண்டும். வெளிர்ந்த தோலுடைய குதிரைகளுக்கு அவ்விடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. தொடக்கத்தில் அறுத்தெடுத்தால் பல குதிரைகள் மீண்டும் உழைக்கின்றன. மெலிந்து களைத்த குதிரையின் குறி தொங்கி உள்ளே போகாமலிருந்தால், ஈரத்துணியால் தாங்கிக் கட்டி அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மறுநாள் வரை விட்டால் வீக்கம் கூடி உறுப்பையே நீக்க நேரலாம்.