கையில் சமித்துடன் வந்தவர்கள்

சத்சங்கம் முடியும் வேளை. உரை நிகழ்த்திய துறவி, ஐயங்கள் இருந்தால் கேட்கலாம் என்கிறார். ஓர் அன்பர் எழுந்து பத்து நிமிடங்கள் பேசுகிறார். அது கேள்வியா, இன்னொரு சொற்பொழிவா என்பது இறுதிவரை எவருக்கும் விளங்குவதில்லை. அடுத்தவர், சற்று முன்பு உரையில் விரிவாக விளக்கப்பட்டதையே கேட்கிறார். அது விளக்கப்பட்டபோது அவர் வெளியே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாமவருக்கு விடை முன்பே தெரியும். பேசியவருக்கு அது தெரிகிறதா என்று சோதிப்பதே அவரது நோக்கம். இதற்குள் மணி அடித்துவிடுகிறது. மகனை இழந்த துயரத்துடன் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய், கேட்க வந்ததைக் கேட்காமலேயே எழுந்து செல்கிறார்.

இத்தகைய காட்சி எந்த ஊரிலும் நிகழக்கூடியது. முதல் மூவரும் தீயவர்கள் அல்லர். ஆன்மீக நாட்டம் உடையவர்களே. ஆயினும் அந்தத் தாய்க்குக் கிடைத்திருக்க வேண்டிய சில நிமிடங்களை அவர்கள் அறியாமலேயே எடுத்துக்கொண்டார்கள். எனவே, உதவி கேட்கும் முறை என்பது வெறும் உபசாரம் அன்று. அது ஒரு தர்மம். அதில் தவறினால் கேட்பவனுக்கும் பயனில்லை, பிறருக்கும் இழப்பு.

தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல், வினவுவதையும் குறிக்கிறது, செவிமடுப்பதையும் குறிக்கிறது. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்றே பெயர். ஆனால் அது பேசுவது வினா எழுப்புவதைப் பற்றி அன்று, அறிவுடையோர் சொல்வதைக் கேட்பதைப் பற்றி. கேட்கத் தெரிந்தவனே கேட்கத் தகுந்தவன் என்பதை மொழியே உணர்த்துவதுபோல் இது அமைந்துள்ளது. பகவத்கீதையின் நான்காம் அத்தியாயம் 34-ஆம் சுலோகத்தில், ஞானத்தைப் பெறும் வழியாக மூன்றைப் பகவான் கூறுகிறார்: பணிதல், நன்கு வினவுதல், தொண்டு செய்தல். வினவுதல் நடுவில் நிற்கிறது. பணிவு அதற்கு முன்னும், தொண்டு அதற்குப் பின்னும் காவலாக நிற்கின்றன.

இந்த தர்மம் செயலில் எவ்வாறு விளங்குகிறது என்பதைக் காண, கேள்வியையே தன் பெயராகக் கொண்ட ஓர் உபநிஷதம் இருக்கிறது. அதர்வ வேதத்தைச் சேர்ந்த பிரச்ன உபநிஷதம் அது. 'பிரச்னம்' என்றால் கேள்வி.

வெறுங்கையுடன் வராதவர்கள்

சுகேசர், சத்யகாமர், கார்க்யர், கௌசல்யர், பார்கவர், கபந்தி ஆகிய அறுவர் பரம்பொருளை அறிய விரும்பிப் பிப்பலாத மகரிஷியிடம் செல்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் சமித்து, அதாவது வேள்விக்குரிய விறகு, இருக்கிறது. அதன் விலை அற்பம். ஆனால் அது உணர்த்தும் செய்தி பெரிது: 'உங்கள் அக்கினியைப் பேணும் பணியில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாங்கிச் செல்ல மட்டும் நாங்கள் வரவில்லை.'

இந்த அறுவரும் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். இறைவழியில் நெடுங்காலம் நின்றவர்கள் என்றே உபநிஷதம் அவர்களை அறிமுகப்படுத்துகிறது. தம்மால் இயன்ற அளவு முயன்று, அதற்கு மேல் செல்ல இயலாத இடத்தை அடைந்த பின்னரே அவர்கள் குருவை நாடினர். இன்று சமித்தைச் சுமந்து செல்லத் தேவையில்லை. ஆயின் அதற்கு இணையான ஒன்று தேவை: கேட்பதற்கு முன் செய்த சொந்த முயற்சி. கையில் உள்ள நூலின் முதல் அத்தியாயத்திலேயே விடை இருக்கும்போது, அதைப் புரட்டிப் பாராமல் பிறரிடம் கேட்பவன், தன் சோம்பலின் சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றுகிறான். படித்தும் சிந்தித்தும் தெளியாமல் வந்து கேட்பவனுக்கோ உதவும் ஆசை எவருக்கும் தானாகவே எழுகிறது.

ஓராண்டுக் காத்திருப்பு

வந்தவர்களுக்குப் பிப்பலாதர் உடனே விடை கூறவில்லை. தவம், பிரம்மசரியம், சிரத்தை ஆகியவற்றுடன் இன்னும் ஓராண்டு தம்மோடு தங்கியிருக்கும்படி பணிக்கிறார். அதன் பின் விரும்பியதைக் கேட்கலாம். தாம் அறிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்வதாக வாக்களிக்கிறார். 'அறிந்திருந்தால்' என்று முனிவர் கூறுவது அவரது அறியாமையைக் காட்டவில்லை, அவரது செருக்கின்மையையே காட்டுகிறது என்று ஸ்ரீசங்கரர் விளக்குகிறார். விடை சொல்பவரிடமே இத்தனை பணிவு இருக்குமானால், கேட்பவனிடம் எவ்வளவு இருக்க வேண்டும்!

ஓராண்டு என்று கேட்டதும் அறுவரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவசரம் என்று வாதிடவில்லை. விடை தருபவர் தம் நேரத்தையும் தவத்தின் பயனையும் விலையின்றித் தருகிறார். எனவே அது எப்போது வரவேண்டும் என்று ஆணையிடும் உரிமை கேட்பவனுக்கு இல்லை. ஆசிரமத்திற்குக் கடிதம் எழுதிய மூன்றாம் நாளே, பதில் வரவில்லை என்று குறைகூறி மறுகடிதம் எழுதுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். காத்திருக்கும் காலமும் வீணாவதில்லை. பல ஐயங்கள் அந்த இடைவெளியிலேயே தாமாகக் கரைந்துவிடும். எஞ்சி நிற்பதே உண்மையான கேள்வி.

உள்ளதை உள்ளபடி கூறுதல்

எதைக் கேட்பது என்பதைப் போலவே, கேள்வியோடு எதைக் கூறவேண்டும் என்பதும் முக்கியமானது. இதற்குச் சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. உபதேசம் வேண்டி வந்த நாரதரிடம் சனத்குமாரர், முதலில் அவர் அறிந்தவற்றைக் கூறும்படியும், அதற்கு மேற்பட்டதைத் தாம் சொல்வதாகவும் கூறுகிறார். நாரதர் நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம் என்று தாம் கற்ற நீண்ட பட்டியலைச் சொல்கிறார். பின்னர், அத்தனை இருந்தும் தாம் மந்திரங்களை மட்டுமே அறிந்தவர், ஆன்மாவை அறியாதவர் என்று ஒப்புக்கொள்கிறார். ஆன்மாவை அறிந்தவன் துயரைக் கடக்கிறான் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், தாமோ துயரத்தில் இருப்பதாகவும், தம்மைக் கரையேற்ற வேண்டும் என்றும் வேண்டுகிறார்.

மருத்துவரிடம் செல்லும் நோயாளி எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, இதுவரை என்ன மருந்து உண்டான் என்பதைச் சொன்னால்தான் சிகிச்சை சாத்தியம். 'நிம்மதி இல்லை, வழி கூறுங்கள்' என்று ஒரே வரியில் எழுதப்படும் கடிதத்திற்கு எந்த மகானாலும் பொதுவான ஆறுதலைத்தானே தர முடியும்? நாரதர் தம் கல்வியை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டிப் பெருமை கொள்ளவும் இல்லை. தாம் நிற்கும் இடத்தையும், அங்கு தம்மைத் தடுத்திருப்பதையும் தெளிவாகக் கூறினார். தேவரிஷியான அவரே தம் துயரத்தை வெளிப்படையாகச் சொல்லக் கூசவில்லை என்பதைக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளலாம். துயரம் கேள்விக்குத் தடையன்று. அதுவே முதல் தகுதியாகவும் அமையலாம்.

ஒருவர் வினா, அறுவர் செவி

ஓராண்டு நிறைந்தது. அறுவரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்கவில்லை. அறிமுகத்தில் கடைசியாகக் குறிப்பிடப்பட்ட கபந்தி முதலில் கேட்கிறார். முதலில் குறிப்பிடப்பட்ட சுகேசர் கடைசியில் கேட்கிறார். உயிர்கள் எங்கிருந்து தோன்றின என்பது முதல் கேள்வி. உடலைத் தாங்கும் சக்திகளுள் எது தலைசிறந்தது என்று பார்கவர் கேட்கிறார். அதற்கு விடையாகப் பிராணனின் பெருமை கூறப்பட்டதும், அந்தப் பிராணன் எங்கிருந்து வந்தது என்று கௌசல்யர் தொடர்கிறார். பின்னர் கார்க்யர் உறக்கத்தையும் கனவையும் பற்றியும், சத்யகாமர் ஓங்கார தியானத்தைப் பற்றியும் வினவுகின்றனர். முன்னவர் பெற்ற விடையைப் பின்னவர் தமக்கே சொல்லப்பட்டதுபோல் கேட்டிருந்தார் என்பது இதிலிருந்து விளங்கும். தம் முறை வரும்வரை தம் கேள்வியையே மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் இத்தொடர்ச்சி அமைந்திருக்காது.

கௌசல்யரின் கேள்வி மிகக் கடினமானது என்று பிப்பலாதரே கூறுகிறார். எனினும் அவரது தகுதியைக் கருதி விடையளிக்கிறார். எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழ்வதில்லை. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஜனக மன்னரின் சபையில் கார்க்கி, ஒன்றுக்கு ஆதாரம் எது, அதற்கு ஆதாரம் எது என்று அடுக்கிக்கொண்டே போனபோது, அளவு கடந்து கேட்கவேண்டாம் என்று யாக்ஞவல்கியர் தடுக்கிறார். கார்க்கி சினம் கொள்ளவில்லை, அமைதியானார். பிறகு சபையோரின் அனுமதியைப் பெற்று, இரண்டே கேள்விகள் என்று எண்ணிக்கையையும் கூறி மீண்டும் எழுந்தார். அழியாப் பொருளைப் பற்றிய அரிய உபதேசம் அப்போது வெளிப்பட்டது. 'போதும்' என்று சொல்லப்பட்டால் நிறுத்துவதும், கேள்வியைச் சீர்செய்துகொண்டு மீண்டும் வருவதும் தோல்வி அல்ல.

திரும்பி வந்த இந்திரன்

விடை கிடைத்துவிட்டால் கேட்பவனின் கடமை முடிந்துவிடுமா? சாந்தோக்யத்தின் எட்டாம் அத்தியாயத்தில், இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் 32 ஆண்டுகள் தங்கி உபதேசம் பெறுகின்றனர். கேட்டதைத் தனக்குப் பிடித்தபடி புரிந்துகொண்ட விரோசனன், உடலே ஆன்மா என்று மகிழ்ந்து அசுரர்களிடம் போய்ச் சேர்ந்தான். இந்திரனோ, தேவர்களை அடையும் முன்பே பாதி வழியில் சிந்தித்தான். அந்தப் பொருளில் குறை தென்பட்டது. மீண்டும் சமித்தை ஏந்தி வந்தான். பிரஜாபதி காரணம் வினவியபோது, அவரைக் குறைகூறவில்லை. உடல் குருடானால் இந்த ஆன்மாவும் குருடாகும், உடல் அழிந்தால் இதுவும் அழியும், இதில் நன்மை காணவில்லை என்று தன் ஐயத்தைத் துல்லியமாக எடுத்துரைத்தான். இவ்வாறு அவன் தங்கிய காலம் மொத்தம் 101 ஆண்டுகள்.

ஒரே ஐயத்தைப் பத்துப் பேரிடம் கேட்டு, தனக்கு இனிக்கும் விடையை மட்டும் எடுத்துக்கொள்பவன் விரோசனனின் வழியில் செல்கிறான். பெற்ற விடையைச் சிந்தனையிலும் வாழ்விலும் சோதித்து, இடர்ப்படும் இடத்தை மட்டும் மீண்டும் பணிவுடன் கேட்பவனுக்கு எந்தக் குருவின் வாயிலும் மூடப்படுவதில்லை.

சுகேசரின் சுமை

பிரச்ன உபநிஷதத்தின் ஆறாம் கேள்வி மற்ற ஐந்தினின்றும் வேறுபட்டது. சுகேசர் ஒரு பழைய நிகழ்ச்சியுடன் தொடங்குகிறார். ஒருமுறை கோசல நாட்டு இளவரசனான ஹிரண்யநாபன் அவரிடம் வந்து, பதினாறு கலைகள் உடைய புருஷனை அறிவாரா என்று கேட்டான். தமக்குத் தெரியாது என்று சுகேசர் கூறிவிட்டார். தெரிந்திருந்தால் ஏன் சொல்லாமல் இருப்பேன், பொய் கூறுபவன் வேரோடு உலர்ந்து போவானே என்றும் அவனிடம் சொன்னார். இளவரசன் ஒன்றும் பேசாமல் தேரில் ஏறிச் சென்றுவிட்டான். அந்தப் புருஷன் எங்கே இருக்கிறான் என்பதையே இப்போது சுகேசர் பிப்பலாதரிடம் கேட்கிறார்.

மதிப்புமிக்க ஒருவர், தம்மை நாடி வந்த இளவரசனின் முன் தெரியாது என்று சொல்வது எளிதன்று. ஏதேனும் ஒரு விளக்கம் தந்து தப்பியிருக்கலாம். இளவரசனும் திருப்தியுடன் திரும்பியிருப்பான். சுகேசர் அவ்வாறு செய்யவில்லை. அறியாமையை ஒப்புக்கொண்டதோடு நிற்கவும் இல்லை. தம்மால் விடைதர இயலாத அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு குருவிடம் வந்தார். அதைக் கேட்டவரின் பெயரையும், தாம் பதில் கூற இயலாமல் நின்றதையும் மறைக்காமல் எல்லோர் முன்னிலையிலும் கூறினார். அந்தப் புருஷன் இவ்வுடலினுள்ளேயே இருக்கிறான் என்ற பிப்பலாதரின் விடை அவ்வுண்மைக்குக் கிடைத்த பரிசு. சுகேசர் அன்று பொய்யுரைத்திருந்தால், கேள்வியே அவருள் மடிந்திருக்கும். விடை ஒருநாளும் வந்திருக்காது.

உதவி கேட்பவன் என்றும் கேட்பவனாகவே இருப்பதில்லை. நாளை ஒருவர் தேரில் வந்து அவன் வாயிலில் இறங்குவார். அறிந்ததை மறைக்காமல் கொடுப்பதும், அறியாததை அறியேன் என்பதும் அப்போது அவனது தர்மம். கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

உபதேசம் முடிந்ததும் அறுவரும் பிப்பலாதரை வணங்கி, அறியாமையின் அக்கரைக்குத் தங்களைச் சேர்த்த தந்தை அவரே என்று போற்றுகின்றனர். நன்றி கூறாமல் ஒருவரும் எழுந்து செல்லவில்லை. சத்சங்கத்தில் ஒவ்வோர் அன்பரும் இந்த அறுவரைப் போல் கேட்கப் பழகினால், சுருக்கமாகக் கேட்பார், பிறருடைய விடையிலும் தமக்குரியதைக் கண்டுகொள்வார். மணி அடிப்பதற்கு முன், கடைசி வரிசையில் இருக்கும் அந்தத் தாய்க்கும் வாய் திறக்க நேரம் இருக்கும்.

சிந்தனைக்கு

1. இதற்கான விடையைத் தேட, கேட்பதற்கு முன் எவ்வளவு முயற்சி செய்யப்பட்டது?

2. இக்கேள்வி அறிவதற்காகவா, அறிந்ததைக் காட்டுவதற்காகவா?

3. இதை இரண்டு வாக்கியங்களில் கூற முடியுமா?

4. முன்பு பெற்ற விடை வாழ்வில் கடைப்பிடிக்கப்பட்டதா?

5. இங்கே தன்னைவிடத் தேவை மிகுந்தவர் யாரேனும் காத்திருக்கிறாரா?